மினி டிராக்டருக்கு பாக்ஸ் பிளேடு: எடை போட்டுப் பார்த்து வாங்குங்கள்

டிராக்டரின் பின்பக்க ஹைட்ராலிக் தூக்கும், அழுத்தாது. மண்ணை வெட்டி நிரவும் பெட்டிக் கருவியான பாக்ஸ் பிளேடு வாங்கக் கிளம்புகிறவர்கள் மனதில் முதலில் பதிய வேண்டியது இதுதான். ஜேசிபியின் கை பக்கெட்டை மண்ணுக்குள் குத்தி அழுத்தும். டிராக்டரில் கருவியைத் தாங்கும் கீழ்க் கைகள், அதாவது லோயர் லிங்க், அப்படி இல்லை. லீவரை இறக்கினால் சிலிண்டரில் இருக்கும் எண்ணெய் வெளியேறுகிறது, கருவி தன் எடையில் கீழே வருகிறது, அவ்வளவுதான். ஆகவே காய்ந்த செம்மண் மேட்டைப் பிளேடு வெட்டுமா, இல்லை மேலேயே வழுக்கிக்கொண்டு போகுமா என்பதைக் கூர்மையைவிடப் பெட்டியின் எடைதான் தீர்மானிக்கிறது.

பட்டறைக்குப் பட்டறை இதற்குப் பெயர் மாறும். பெட்டி லெவலர் என்பார்கள், பின்பிளேடு என்பார்கள். அமைப்பு ஒன்றுதான். இரண்டு பக்கத் தகடுகள், அவற்றுக்கு நடுவே முதுகுத் தகடு, முதுகின் அடியில் முன்னோக்கி ஒரு பிளேடும் பின்னோக்கி ஒரு பிளேடும், முன்னால் ஒரு குறுக்குச் சட்டம், அந்தச் சட்டத்தில் மண்ணைக் கீறும் பற்கள். முன்பக்கமும் அடிப்பக்கமும் திறந்திருக்கும். வெறும் லெவலர் பலகை இழுக்கும்போது மண் இரண்டு ஓரத்திலும் வழிந்து வரப்புபோல நின்றுவிடும். பக்கத் தகடு இருப்பதால் பெட்டி மண்ணைப் பிடித்துக்கொண்டு போய், பள்ளம் வந்த இடத்தில் விடும். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு மண் கொண்டுபோகும் வேலை இருந்தால்தான் இந்தக் கருவிக்குக் காசு கொடுக்க வேண்டும். சேற்று வயலைச் சமன் செய்யப் பரம்பு இருக்கிறது. சேற்றில் பெட்டியை இறக்கினால் களிமண் அப்பிக்கொண்டு வண்டியைப் புதைத்துவிடும்.

எவ்வளவு எடை இருக்க வேண்டும்

மினி டிராக்டருக்கு அடிக்கு 45 கிலோ என்பது நல்ல அளவு. 4 அடிப் பெட்டி என்றால் 180 கிலோ, 5 அடி என்றால் 225 கிலோ. விற்பவர் சொல்லும் எடையை அப்படியே நம்ப வேண்டியதில்லை, நாமே கணக்குப் போட்டுவிடலாம். 1 சதுர மீட்டர் இரும்புத் தகடு, 1 மி.மீ. கனத்துக்கு 7.85 கிலோ. இந்த ஒரு எண்ணும் இஞ்ச் டேப்பும் கையில் இருந்தால் போதும்.

4 அடிப் பெட்டி ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். நீளம் 120 செ.மீ., உயரம் 45 செ.மீ., பக்கத் தகட்டின் முன்பின் அகலம் 60 செ.மீ. முதுகுத் தகடு 8 மி.மீ. என்றால் 34 கிலோ. பக்கத் தகடுகள் 10 மி.மீ. என்றால் இரண்டும் சேர்ந்து 42 கிலோ. 150 மி.மீ. அகலம், 12 மி.மீ. கனத்தில் பிளேடு இரண்டு, 34 கிலோ. குறுக்குச் சட்டத்துக்கு 100க்கு 100 சதுரக் குழாய், 6 மி.மீ. கனம், 20 கிலோ. டிராக்டரில் மாட்டும் கொக்கிச் சட்டத்துக்கு 75க்கு 12 பட்டை 4 மீட்டர், 28 கிலோ. 50க்கு 25 பட்டையில் 60 செ.மீ. நீளப் பற்கள் நான்கு, 24 கிலோ. கூட்டினால் 182 கிலோ. மாட்டும் பின்கள் (முளைகள்), மூலைத் தாங்கு தகடு எல்லாம் சேர்த்து 190 வரும்.

இதே 4 அடிப் பெட்டி 160 கிலோதான் இருக்கிறது என்றால் எங்கேயோ கை வைத்திருக்கிறார்கள் என்று பொருள். பெரும்பாலும் முதுகில் 5 மி.மீ. தகடு, பக்கத்தில் 6 மி.மீ. தகடு போட்டிருப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, ஏனென்றால் ஓரத்தை மடித்து விளிம்பு கட்டியிருப்பார்கள். பல் சொருகும் துளை வழியாகவோ, போல்ட் துளையின் ஓரத்திலோ வெர்னியரை வைத்துப் பாருங்கள், உண்மையான கனம் தெரிந்துவிடும். வாங்கும் முன் பக்கத்திலிருக்கும் பழைய இரும்புக் கடைத் தராசில் ஏற்றிப் பார்க்கச் சொல்வது மரியாதைக் குறைவு இல்லை. நல்ல பட்டறைக்காரர் தானாகவே எடை போட்டுக் காட்டுவார்.

எடை குறைந்த பெட்டியின் மேல் ஆளை நிற்க வைத்து ஓட்டுவது நம் பக்கம் சாதாரணமாக நடக்கிறது. தயவுசெய்து வேண்டாம். பல் ஒரு வேரில் மாட்டி வண்டி குலுங்கினால் நிற்பவர் பெட்டிக்கு முன்னால் விழுவார், சக்கரத்துக்கும் பிளேடுக்கும் நடுவே. எடை வேண்டுமென்றால் மேல் சட்டத்தில் மணல் மூட்டையைக் கட்டுங்கள். முதுகுக்கு மேலே இரண்டு பட்டை வைத்து ஒரு தட்டு பற்றவைக்கச் சொன்னால் மூட்டை நகராமல் உட்காரும்.

அகலம்

வண்டியின் பின்சக்கரங்களின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை அளந்து, அதைவிட இரண்டு மூன்று அங்குலம் கூடுதலாக இருக்கும் பெட்டியை எடுங்கள். அதற்குக் குறைந்தால் சக்கரத் தடம் சமன் செய்த தரையிலேயே பதிந்துகொண்டு வரும், சுவரோரத்திலும் வரப்போரத்திலும் பிளேடு எட்டாது. அதற்கு மேல் அகலமாக எடுப்பதுதான் அதிகம் பேர் செய்யும் தவறு. "பெரிய பெட்டி, சீக்கிரம் முடியும்" என்ற எண்ணம் மினி டிராக்டரில் பலிக்காது.

காரணம் இழுவை. 20 முதல் 27 எச்.பி. வண்டிகள் பலவும் 700 முதல் 1000 கிலோதான் இருக்கும். காய்ந்த உறுதியான தரையில் ஒரு டிராக்டர் தன் எடையில் ஏறக்குறைய பாதியைத்தான் சக்கரம் சுற்றாமல் இழுக்கும். 4 அடிப் பெட்டி நிறைந்தால் சுமார் 250 கிலோ மண் பிடிக்கும். பெட்டியின் எடை, மண்ணின் உராய்வு, பிளேடு வெட்டும் எதிர்ப்பு எல்லாம் சேர்ந்து 800 கிலோ வண்டியின் எல்லைக்கு வந்துவிடுகிறது. 6 அடிப் பெட்டியை மாட்டினால் எஞ்சின் இழுக்கத் தயாராக இருக்கும், ஆனால் டயர் நின்ற இடத்தில் சுற்றிப் பள்ளம் தோண்டும். நான்கு சக்கர இயக்கம் இருந்தால் இந்த வேலைக்கு அதைப் போட்டே ஓட்டுங்கள். பின் டயரில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்புவதும் நிறையவே உதவும்.

தூக்கும் திறனைப் பற்றிப் பயப்படத் தேவையில்லை. 24, 27 எச்.பி. வண்டிகளில் 750 கிலோ என்று போட்டிருப்பதைப் பார்க்கலாம். ஆனால் அது லோயர் லிங்க் முனையில் அளந்தது. பெட்டியின் எடை முனையிலிருந்து ஒன்றரை அடி பின்னால் தொங்குகிறது, அதனால் கணக்கு குறையும். அப்படியும் 200 கிலோவை எளிதாகத் தூக்கும். பார்க்க வேண்டியது முன்சக்கரத்தைத்தான். தூக்கிய நிலையில் ஸ்டியரிங் பஞ்சுபோல லேசாகிவிட்டால் முன்னால் எடைக்கட்டி போடாமல் சாலையில் ஏறாதீர்கள்.

மாட்டும் இடம்

டிராக்டர் மூன்று முனை இணைப்புக்கு (கீழே இரண்டு லோயர் லிங்க், மேலே ஒரு டாப் லிங்க்) வகை எண் உண்டு. முதல் வகையில் லோயர் லிங்க் பின் 22 மி.மீ., டாப் லிங்க் பின் 19 மி.மீ. இரண்டாம் வகையில் 28, 25. மினி டிராக்டர் பலவும் முதல் வகைதான். அதிலேயே குறுகலான உள்வகை ஒன்று இருக்கிறது, 1என் என்று எழுதியிருப்பார்கள். பின் அளவு அதேதான், ஆனால் இரண்டு கைகளுக்கு இடையே இடைவெளி 683 மி.மீ.க்குப் பதிலாக 400 மி.மீ. இதைப் பார்க்காமல் வாங்கிவிட்டு, கையை இழுத்துப் பிடித்து மாட்டினால் கைகள் பக்கவாட்டில் ஆடாமல் பிடிக்கும் செக் செயின் எப்போதும் விறைத்தே இருக்கும், பெட்டி ஒரு பக்கமாக இழுக்கும், பந்து மூட்டு சீக்கிரம் தேயும். வண்டியின் கையேட்டைப் பார்த்து, டேப் வைத்து அளந்து, எழுதிக்கொண்டு பட்டறைக்குப் போங்கள்.

பெரிய வண்டிக்குச் செய்த பழைய பெட்டி மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கினால் பின் பெரிதாக இருக்கும், லோயர் லிங்க் பந்துக்குள் நுழையவே நுழையாது. மாறாக, பந்து பெரிதாகவும் பின் சிறிதாகவும் இருந்தால் 6 மி.மீ. ஆட்டம் வரும். அந்த ஆட்டம் பிளேடு முனையில் இன்னும் பெருகித் தரையில் அலையாகத் தெரியும். இதற்கு இடைவெளியை அடைக்கும் உறை, புஷ் என்று கிடைக்கிறது, போட்டுவிடுங்கள்.

நான் பெட்டியைப் பார்க்கும்போது முதலில் குனிந்து பார்க்கும் இடம் லோயர் லிங்க் பின்தான். ஒற்றைத் தகட்டில் துளை போட்டு, பின்னை நட்டு வைத்து முறுக்கி, தூண்போல நீட்டிக்கொண்டிருந்தால் அது உழவுக் கலப்பைக்கே போதும்போதாமல் இருக்கும். பெட்டி பின்னோக்கித் தள்ளும் வேலையும் செய்கிறது. ஓரத்தில் ஒரு கல்லில் மோதினால் முழு விசையும் அந்த ஒற்றைப் பின்னின் கழுத்தில் விழும். முதலில் பின் வளையும், பிறகு தகட்டுத் துளை முட்டைபோல ஆகும், அப்புறம் நட்டு எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. பின்னின் இரண்டு பக்கமும் தகடு இருந்து, லிங்க் நடுவில் உட்காரும் அமைப்புதான் வேண்டும். தகடு ஒவ்வொன்றும் குறைந்தது 12 மி.மீ. இந்த ஒரு மாற்றத்துக்காக விலை கொஞ்சம் கூடினாலும் கொடுங்கள்.

அடுத்தது வெல்டிங். முதுகும் பக்கத் தகடும் சேரும் மூலையில்தான் பெட்டி கிழியும். உள்ளேயும் வெளியேயும் முழு நீளம் பற்றவைத்திருக்க வேண்டும், இடைவெளி விட்டு விட்டுப் போட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நகத்தை வெல்டிங் ஓரத்தில் ஓட்டிப் பாருங்கள். தகட்டோடு சரிவாகக் கலந்திருந்தால் நகம் தடையில்லாமல் போகும். மேலே உருண்டு உட்கார்ந்திருக்கும் வெல்டிங்கில் நகம் மாட்டும். அது தகட்டுக்குள் இறங்காத வெல்டிங். கனமாகப் பெயிண்ட் அடித்த பெட்டியில் இதைப் பார்க்க முடியாது. ஆகவே முடிந்தால் பெயிண்ட் அடிப்பதற்கு முன் ஒருமுறை பட்டறைக்குப் போய்ப் பார்த்துவிடுங்கள்.

பிளேடு

முதுகோடு பற்றவைத்த பிளேடு வேண்டாம். போல்ட் போட்ட பிளேடாக, இரண்டு விளிம்பும் ஒரே மாதிரி இருப்பதாகக் கேளுங்கள். ஒரு பக்கம் தேய்ந்ததும் கழற்றித் திருப்பி மாட்டலாம், ஆயுள் இரட்டிப்பாகிறது. போல்ட் 16 மி.மீ., 8.8 தரம், தலை பிளேடுக்குள் பதிந்து உட்காரும் சதுரக் கழுத்து வகை. சாதாரண ஆறுமுனைத் தலை போல்ட் போட்டால் தலை வெளியே நீட்டிக்கொண்டு மண்ணில் தேய்ந்து, ஆறு மாதத்தில் ஸ்பேனர் பிடிக்காத உருண்டையாகிவிடும். பிறகு கேஸ் கட்டிங் செய்துதான் கழற்ற வேண்டும்.

பிளேடு கார்பன் கூடிய கெட்டி இரும்பாக இருக்க வேண்டும். பெட்டிக்குப் போடும் சாதாரண மைல்ட் ஸ்டீல் தகட்டையே பிளேடாகப் போட்டுக் கொடுப்பார்கள், சரளை மண்ணில் அது சோப்புபோலக் கரையும். ஒரு அரத்தை எடுத்து விளிம்பில் இழுத்துப் பாருங்கள். மைல்ட் ஸ்டீலில் அரம் கடித்துத் தூள் வரும், கெட்டி இரும்பில் சறுக்கும். பழைய மோட்டார் கிரேடர் பிளேடை வெட்டிப் போடுவது நல்ல வழி. லாரி கமான் பட்டையும் போடுகிறார்கள். தேயாது, ஆனால் அகலம் குறைவு, அதனால் திருப்பிப் போட இடம் இருக்காது.

இப்படிப்பட்ட இரும்பைப் பற்றவைத்தே ஆக வேண்டும் என்றால் 250 டிகிரி வரை சூடேற்றி, உலர்ந்த 7018 வெல்டிங் ராடில் போட்டு, சாம்பலிலோ சுண்ணாம்புத் தூளிலோ புதைத்து மெதுவாக ஆற விட வேண்டும். சூடேற்றாமல் பற்றவைத்துத் தண்ணீர் ஊற்றினால் வெல்டிங்குக்குப் பக்கத்தில் கண்ணாடிபோல விரிசல் ஓடும். அன்றைக்குத் தெரியாது, முதல் கல்லில் தெரியும்.

பக்கத் தகட்டின் அடிவிளிம்பும் தேயும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அங்கே 50க்கு 12 பட்டை ஒன்றைச் சறுக்குக்கட்டைபோல வைத்துவிட்டால் தேயும்போது அதை மட்டும் மாற்றலாம்.

பற்கள்

4 அடிக்கு நான்கு பல் போதும். ஒவ்வொரு பல்லிலும் உயரம் மாற்ற மூன்று துளை இருக்க வேண்டும்: முழுதாக மேலே, பாதி, முழுதாகக் கீழே. முனையில் மாற்றக்கூடிய தொப்பி இருந்தால் நல்லது, பல்லே தேயாது. பல் சொருகும் குழியில் எல்லாப் பக்கமும் 2 மி.மீ.க்கு மேல் ஆட்டம் இருக்கக் கூடாது. ஆட்டம் இருந்தால் பல் முன்னும் பின்னும் அடித்து அடித்துப் பின் துளையை நீளமாக்கிவிடும். ஒரு கட்டத்தில் பல்லைப் பிடித்திருக்கும் லின்ச் பின் தெறித்துப் பல் தோட்டத்திலேயே விழுந்துவிடும், அதன் மேல் டயர் ஏறும்.

பல் இறங்கியிருக்கும்போது பின்னோக்கி ஓட்டாதீர்கள், கூர்மையாகத் திரும்பவும் செய்யாதீர்கள். பல் முன்னோக்கி இழுப்பதற்கு மட்டும் செய்யப்பட்டது. பின்னால் தள்ளினால் குழியின் முன்சுவர் பிளக்கும். சொட்டுநீர் மெயின் லைன், போர் ஒயர், தண்ணீர்க் குழாய் எங்கே புதைந்திருக்கிறது என்று தெரியாத இடத்தில் பல்லை இறக்கவே கூடாது.

ஓட்டும்போது

பெட்டி நல்லதாக இருந்தும் தரை அலை அலையாக வருகிறது என்று புகார் சொல்கிறவர்கள் முதலில் டிராஃப்ட் லீவரைப் பாருங்கள். உழவுக்காக வைத்த அமைப்பு அது. இழுவை கூடினால் கருவியைத் தானாகத் தூக்கும். பெட்டியில் மண் நிறைந்ததும் அது பெட்டியைத் தூக்கிவிடும், மண் கொட்டும், பாரம் குறையும், மறுபடி இறக்கும். அலை பிறக்கும் இடம் இதுதான். டிராஃப்டை முழுக்க விலக்கிவிட்டு, கருவியின் உயரத்தை வைக்கும் பொசிஷன் லீவரில் மட்டும் வேலை செய்யுங்கள்.

அடுத்தது டாப் லிங்க். வண்டியைக் கான்கிரீட் தரையில் நிறுத்தி, பெட்டியை இறக்கி, இரண்டு பிளேடும் ஒரேபோல் தரை தொடும்படி டாப் லிங்கைச் சரி செய்து அந்த நிலையில் டாப் லிங்கின் திருகு மரையில் ஒரு பெயிண்ட் கோடு போட்டுவிடுங்கள். அதுதான் நடுநிலை. டாப் லிங்கைக் குட்டையாக்கினால் பெட்டி முன்னால் குனியும், முன்பிளேடும் பல்லும் கடிக்கும், மண் வெட்டும். நீளமாக்கினால் பெட்டி பின்னால் சாயும், பின்பிளேடு தரையில் அமர்ந்து மேடுபள்ளத்தைத் தேய்த்துச் சமன் செய்யும். அரைச் சுற்றுக்கே வித்தியாசம் தெரியும், ஒரே தடவையில் நான்கு சுற்று முறுக்காதீர்கள். பக்கச் சாய்வுக்கு, வலது லோயர் லிங்கைத் தூக்கும் கம்பியின் திருகு இருக்கிறது.

மண்ணின் ஈரம் பார்த்து இறங்குங்கள். கைப்பிடி மண்ணைப் பிசைந்தால் உருண்டையாகி, விரலால் தட்டினால் உதிர வேண்டும். கரிசலில் இந்தப் பதம் மழைக்குப் பிறகு சில நாள்தான் இருக்கும். தவறவிட்டால் ஒன்று அப்பும், இல்லை கல்லாகும். செம்மண்ணில் அவகாசம் கொஞ்சம் கூடுதல்.

முதலில் பல் மட்டும் இறக்கிக் கீறுங்கள், பிறகு பல்லை ஏற்றிவிட்டு மண்ணை நகர்த்துங்கள். முதல் கியரில், நடக்கும் வேகத்துக்கும் குறைவாக. ஒரு ஓட்டத்துக்கு இரண்டு விரல் ஆழத்துக்கு மேல் வெட்டாதீர்கள். ஒரே திசையில் ஓட்டினால் அலை அப்படியே நகலாகும், மூன்றாவது ஓட்டத்தைக் குறுக்காகச் சாய்த்து ஓட்டினால் உடையும்.

வண்டிப்பாதையில் குழி அடைப்பவர்களுக்கு ஒன்று. குழியின் அடிவரை பல்லால் கீறிவிட்டு நிரப்புங்கள். குழி 4 அங்குலம் என்றால் கீறலும் 4 அங்குலம். மேலே மண்ணைத் தள்ளி மூடினால் அடியில் கெட்டியான கிண்ணம் அப்படியே இருக்கும், முதல் மழையில் தண்ணீர் அதில் நின்று மண்ணை வெளியே துப்பும். 10 அடிப் பாதைக்கு நடுமுதுகிலிருந்து ஓரம் இரண்டரை அங்குலம் தாழ்ந்திருந்தால் தண்ணீர் நிற்காது.

சாகுபடி நிலத்தில் இன்னும் கவனம் வேண்டும். மேல் அரை அடி மண்தான் விளைச்சல் தருவது. மேட்டை வெட்டிப் பள்ளத்தில் போட்டுவிட்டால் வெட்டிய இடத்தில் அடிமண் வெளியே வந்து, பயிர் மஞ்சளாக நிற்கும். மேல்மண்ணை முதலில் ஓரமாகக் குவித்துவிட்டு, அடிமண்ணைச் சமன் செய்து, பிறகு மேல்மண்ணைப் பரப்புங்கள். வேலை இரட்டிப்புதான், ஆனால் குறுக்குவழி கிடையாது. ஒரு அடிக்கு மேல் வெட்ட வேண்டிய நிலத்துக்கு இந்தப் பெட்டி ஆகாது. வேளாண்மைப் பொறியியல் துறையில் புல்டோசர் வாடகைக்கு எடுத்து முரட்டு வேலையை முடித்துவிட்டு, கடைசிச் சமனுக்குப் பெட்டியை மாட்டுங்கள்.

புதுப் பெட்டியின் போல்ட்களை முதல் ஐந்து மணி நேர வேலை முடிந்ததும் ஒருமுறை இறுக்குங்கள், பெயிண்ட் நசுங்கி இடைவெளி விட்டிருக்கும். பிளேடு விளிம்பு முதுகுத் தகட்டின் அடியிலிருந்து 2 செ.மீ. மட்டுமே வெளியே இருக்கும்போது திருப்பிப் போட்டுவிடுங்கள். அதையும் தாண்டி ஓட்டினால் தேய்வது முதுகுத் தகடு, அதைத் திருப்பிப் போட முடியாது.